சினார் சிவக்கும் ஒரு புகைப்படம், அதிலிருந்து ஒரு கவிதை: முழுமையான வழிகாட்டி

இலையுதிர்காலப் புகைப்படம் ஒன்றைப் பார்த்ததும் கவிதை எழுதத் தோன்றுவது இயல்புதான். சிக்கல் என்னவென்றால், உடனே தோன்றும் நான்கு வரிகள் பெரும்பாலும் அந்தப் படத்திலிருந்து வருவதில்லை. உதிர்ந்த இலை, முதுமை, பிரிந்துபோன காதலி, கடைசியில் ‘உதிர்வதும் அழகுதான்’ என்று ஒரு முடிப்பு. இதெல்லாம் படத்தைத் திறப்பதற்கு முன்பே நம் கைவசம் இருந்த சரக்கு. படம் வெறும் சாக்கு. வேறு எந்த இலைப் படத்தைக் காட்டியிருந்தாலும் இதே வரிகள்தான் வந்திருக்கும்.

அந்தச் சரக்கை ஒதுக்கிவைத்துவிட்டு, குறிப்பிட்ட ஒரு படத்திலிருந்து மட்டுமே வரக்கூடிய கவிதையை எடுப்பது எப்படி என்று இங்கே பார்க்கலாம். உணர்ச்சியைத் தேடிக்கொண்டு போக வேண்டாம் என்பது என் கட்சி. படத்தில் உண்மையில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். உணர்ச்சி பின்னாலேயே வரும்.

பொதுவாகப் பேசினால் எதுவும் பிடிபடாது என்பதால் ஒரே ஊரை எடுத்துக்கொள்கிறேன்: காஷ்மீரின் ஸ்ரீநகர், நவம்பர் மாதம், அங்கே இலையுதிர்காலத்தில் சிவக்கும் சினார் மரங்கள்.

முதலில், எந்தப் படம்?

‘இலையுதிர்காலம்’ என்று தேடினால் வந்து கொட்டுகிற படங்களில் முக்கால்வாசி கணினித் திரையின் பின்னணிக்காக எடுத்தவை. நடுவில் ஒரு பாதை, இருபுறமும் ஆரஞ்சு மரங்கள், யாரும் இல்லை. கண்ணுக்கு இதமாக இருக்கும், கவிதைக்கு உதவாது. அதில் கேட்பதற்குக் கேள்வி எதுவும் இல்லை.

உங்களுக்கு வேண்டியது கொஞ்சம் அழுக்கான படம். யாராவது ஒருவர் ஏதாவது வேலை செய்துகொண்டிருக்க வேண்டும், அல்லது அந்த அழகோடு ஒட்டாத பொருள் ஒன்று சட்டகத்துக்குள் இருக்க வேண்டும்: ஒரு சாக்கு, ஒரு சைக்கிள், மின்கம்பி, காவலரின் தொப்பி. எடுத்த இடமும் மாதமும் தெரிந்திருந்தால் ரொம்ப நல்லது. விக்கிமீடியா காமன்ஸ் மாதிரியான களஞ்சியங்களில் இடம், தேதி, பல சமயம் கேமராவின் ஷட்டர் வேகம்கூட படத்தின் கீழேயே இருக்கும். இந்த விவரங்கள் பின்னால் கைகொடுக்கும்.

நிறத்தையும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். இன்றைய கைபேசிகள் சிவப்பையும் மஞ்சளையும் தாமாகவே தூக்கிக் காட்டுகின்றன. அதற்கு மேல் பதிவேற்றுபவரும் தன் பங்குக்கு ஏற்றிவிடுவார். படத்தில் இருக்கும் மனிதரின் தோல் நிறத்தைப் பாருங்கள். அவர் முகமோ கையோ ஆரஞ்சாக இருந்தால் இலையின் சிவப்பையும் நம்ப வேண்டாம்.

இந்தக் கட்டுரைக்காக இப்படி ஒரு படம் நம் முன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இடம் நசீம் பாக். தால் ஏரிக்கரையில், ஹஸ்ரத்பாலுக்குப் பக்கத்தில், முகலாயர் காலத்தில் அமைத்த சினார்த் தோப்பு. இன்று காஷ்மீர் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கிறது. காலை வேளை. பருத்த அடிமரங்கள் வரிசையாக நிற்கின்றன. தரை தெரியாத அளவுக்குத் துருச்சிவப்பு இலைகள். இடப்பக்கம் ஒரு பெண் குனிந்து இலையைக் கூட்டுகிறாள். முழங்காலுக்குக் கீழ் வரை தொங்கும் பெரன் அங்கி, தலையில் துணி, முகம் தெரியவில்லை. அருகில் பாதி நிரம்பிய சாக்கு. பின்புறம் மரங்களுக்கு நடுவே நீலமாக ஒரு மங்கல். காற்றில் ஓர் இலை, கொஞ்சம் கலங்கலாக.

பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் மட்டும்

படத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்குங்கள். கைபேசியில் வேண்டாம், முடிந்தால் கணினியில். நடுவிலிருந்து பார்க்கத் தொடங்காதீர்கள். கண்ணை நடுவுக்கு இழுக்கத்தான் படம் எடுத்தவர் பாடுபட்டிருக்கிறார். நான்கு மூலைகளிலிருந்து உள்ளே வாருங்கள். மூலைகளில்தான் அவர் கவனிக்காமல் விட்டவை கிடக்கும்.

ஒரு தாளில் பார்த்ததை எல்லாம் எழுதுங்கள். ஒரே விதி: அலங்காரப் பெயரடை கூடாது. அழகான, சோகமான, தங்கமயமான, மௌனமான, எதுவும் கூடாது. உவமையும் கூடாது. நம் படத்துக்கு என் தாளில் வருவது இதுதான்:

சாக்கு, பாதி நிரம்பியது. துடைப்பம், நீளக் கைப்பிடி. மரப்பட்டை உரிந்த இடங்களில் வெளிறிய திட்டு. கிளை நுனியில் தொங்கும் உருண்டைகள். கிளையில் இன்னும் இலை இருக்கிறது, ஆனால் தரையில் இருப்பது அதைவிட அதிகம். பெண்ணின் நிழல் நம்மை நோக்கி நீள்கிறது. விழுந்த இலைகளில் சில மல்லாந்து, சில குப்புற. குப்புற விழுந்தவை வெளிறித் தெரிகின்றன. பின்னால் நீல மங்கல்: பனிமூட்டமா, புகையா?

இதில் கவிதை எதுவும் இல்லையே என்று தோன்றும். பரவாயில்லை. ஆனால் இரண்டு விஷயங்கள் ஏற்கெனவே நடந்துவிட்டன. நிழல் நம்மை நோக்கி நீள்கிறது என்றால் சூரியன் அவளுக்குப் பின்னால், தாழ்வாக இருக்கிறது. அதனால்தான் கிளையில் மிச்சமிருக்கும் இலைகள் ஒளிர்கின்றன, தரையில் கிடப்பவை மங்கலாக இருக்கின்றன. ஒரே இலைதான், ஒளி ஊடுருவினால் ஒரு நிறம், மேலே பட்டால் ஒரு நிறம். இரண்டாவது, ஒரு கேள்வி கிடைத்துவிட்டது. பனிமூட்டமா, புகையா? இப்படி ஒரு கேள்வியாவது கிடைக்கும் வரை இந்தப் படியை விட்டு நகராதீர்கள். சிலருக்கு ஐந்து நிமிடத்தில் கிடைக்கும். சிலர் தாளை மூடி வைத்துவிட்டு மறுநாள் வர வேண்டியிருக்கும்.

படத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பெரும்பாலானவர்கள் தாண்டிப் போகும் படி இது. ‘கவிதைக்கு எதற்கு அறிவியல்’ என்று கேட்பவர்கள் உண்டு. நான் நேர்மாறாகச் சொல்வேன்: இலை உதிர்வதைப் பற்றித் தமிழில் வரும் கவிதைகள் பெரும்பாலும் ஒன்றுபோல இருப்பதற்குக் காரணம், இலை எப்படி உதிர்கிறது என்று எழுதுபவருக்குத் தெரியாததுதான்.

இலைக்குப் பச்சையைத் தருவது பச்சையம். பகல் குறுகி, குளிர் ஏறத் தொடங்கியதும் மரம் பச்சையத்தைப் புதிதாகச் செய்வதை நிறுத்திவிட்டு, இருப்பதையும் உடைக்கத் தொடங்குகிறது. உடைத்ததில் பயனுள்ள சத்துகளை, முக்கியமாக நைட்ரஜனை, கிளைக்குள் திரும்ப இழுத்துக்கொள்கிறது. பச்சை விலகியதும் தெரியும் மஞ்சள் புதிதாக வந்ததில்லை. கரோட்டினாய்டு என்ற அந்த நிறமி கோடை முழுவதும் இலைக்குள்ளேயே இருந்தது, பச்சைக்குப் பின்னால். சிவப்பின் கதை வேறு. ஆந்தோசயனின் என்ற நிறமியைப் பல மரங்கள் இந்தச் சமயத்தில்தான் புதிதாகச் செய்கின்றன. வெயிலடிக்கும் பகலும், உறையாத அளவுக்குக் குளிர்ந்த இரவும் வாய்த்த ஆண்டுகளில் அது தூக்கலாக இருக்கும். ஆக, மஞ்சள் என்பது மறைந்திருந்தது. சிவப்பு என்பது போகிற நேரத்தில் செய்தது. இந்த ஒரு வேறுபாட்டிலேயே ஒரு கவிதை கிடக்கிறது. யாராவது எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம், உதிர்வு. காற்று இலையைப் பிய்க்கிறது என்றுதான் எழுதுவோம். நடப்பது அப்படி இல்லை. காம்பு கிளையோடு சேரும் இடத்தில் மரமே ஒரு மெல்லிய அடுக்கை உண்டாக்கிப் பிரித்துவிடுகிறது, காயத்தையும் மூடிவிடுகிறது. காற்று செய்வது கடைசித் தட்டு மட்டுமே. இதற்கு ஒரு சாட்சி உண்டு. கோடையிலேயே ஒடிந்து செத்துப்போன கிளையைப் பாருங்கள். அதன் இலைகள் காய்ந்து சுருண்டு, குளிர்காலத்திலும் ஒட்டிக்கொண்டே இருக்கும். உதிர்ப்பதற்கு உயிர் வேண்டும். ‘உதிர்வு என்றால் சாவு’ என்று ஆயிரம் கவிதைகள் சொல்லிக்கொண்டிருக்க, மரம் வேறொன்றைச் சொல்கிறது.

இனி, சினாருக்கு மட்டுமே உரியவை. இதை மேப்பிள் என்று எழுதிவிடாதீர்கள். இலை இரண்டும் விரித்த கை மாதிரி இருப்பதால் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். சினார் வேறு குடும்பம். பட்டை திட்டுத் திட்டாக உரியும். காய்கள் உருண்டையாக, நீளக் காம்பில் தொங்கும். இலையெல்லாம் போன பிறகும் குளிர்காலம் நெடுகத் தொங்கிக்கொண்டிருக்கும். நம் தாளில் எழுதிய ‘உருண்டைகள்’ அவைதான்.

இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. பெரும்பாலான மரங்களில் அடுத்த ஆண்டின் மொட்டு, இலைக் காம்புக்கு மேலே கிளையை ஒட்டி, பார்வைக்குத் தெரியும்படி இருக்கும். சினாரில் அப்படி இல்லை. காம்பின் அடிப்பகுதி உள்ளே குடைவாக இருக்கிறது. மொட்டின் மேல் தொப்பி கவிழ்த்த மாதிரி காம்பு அமர்ந்திருக்கிறது. இலை இருக்கும் வரை மொட்டைப் பார்க்கவே முடியாது. இலை விழுந்த அன்றுதான் மொட்டு வெளியே வருகிறது. உதிர்ந்த சினார் இலையை எடுத்துக் காம்பின் அடியைத் திருப்பினால் அந்தக் குழி இருக்கும்.

இப்போது அந்த நீல மங்கல். காஷ்மீரில் இலையுதிர்காலத்தை ஹருத் என்கிறார்கள். சினார் நன்றாகச் சிவப்பது அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் நடு வரை. அந்த வாரங்களில் பெண்கள் இலைகளைக் கூட்டிக் குவித்துத் தீ வைக்கிறார்கள். முழுக்க எரிந்து சாம்பலாக விடுவதில்லை. கனலும்போதே நீர் தெளித்து அணைத்துக் கரியாக்கி, மூட்டை கட்டி வைத்துக்கொள்கிறார்கள். குளிர்காலத்தில் அந்தக் கரி காங்கிரிக்குப் போகும். காங்கிரி என்பது மெல்லிய குச்சிகளால் பின்னிய கூடைக்குள் வைத்த மண்சட்டி. கனலோடு அதைப் பெரனுக்குள் வைத்துக்கொண்டு நடமாடுவார்கள். டிசம்பர் 21 வாக்கில் தொடங்கி நாற்பது நாள் நீளும் கடுங்குளிருக்கு அங்கே சில்லைக்கலான் என்று பெயர். தால் ஏரியின் மேற்பரப்பு உறைவதும் அந்த நாட்களில்தான்.

ஆக, படத்தின் பின்னால் தெரிவது புகையாக இருக்க நிறைய வாய்ப்பு. அவள் தோட்டத்தைச் சுத்தம் செய்யவில்லை, எரிபொருள் சேர்க்கிறாள். இலை எரிக்கும் புகை பள்ளத்தாக்கின் காற்றைக் கெடுக்கிறது என்று அங்கே எதிர்ப்பும் உண்டு. இதையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் அந்தப் புகையை நாம் ரொம்பவும் புனிதமாக்கிவிடுவோம்.

இதே நாட்களில், ஸ்ரீநகருக்குத் தென்கிழக்கே பாம்போரில் குங்குமப்பூ அறுவடை நடக்கும். ஊதாப் பூ, உள்ளே மூன்றே சிவப்பு இழை. அது நம் படத்தில் இல்லை. அதனால் அதை விடுங்கள். திரட்டிய எல்லாவற்றையும் கவிதையில் திணிக்க ஆசை வரும். படத்தோடு ஒட்டாத தகவலை அந்த இடத்திலேயே கழித்துவிட வேண்டும்.

முதல், கரு, உரி

தொல்காப்பியம் அகப்பாட்டின் பொருளை மூன்றாகப் பிரிக்கிறது. இடமும் காலமும் முதற்பொருள். அந்த இடத்தில் இருக்கும் மரம், விலங்கு, தொழில், உணவு எல்லாம் கருப்பொருள். அங்கே நிகழும் உணர்வு உரிப்பொருள். புகைப்படத்தைக் கவிதையாக்குபவருக்கு இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரிந்து இல்லை. புகைப்படத்தில் முதலும் கருவும் எப்போதும் இருக்கும். உரி மட்டும் இருக்காது. அதுதான் நம் வேலை.

நாம் வழக்கமாகச் செய்யும் தவறு, உரியை முதலில் முடிவு செய்துவிட்டு (பிரிவு, ஏக்கம்) அதற்கேற்ற கருவைப் படத்தில் தேடுவது. சங்கப் பாட்டு வேலை செய்யும் விதமே வேறு. அங்கே வண்டு என்ன செய்கிறது, குரங்கு என்ன செய்கிறது என்று பாட்டு சொல்லிக்கொண்டிருக்கும். தலைவி மனதில் இருப்பது அதன் வழியாக வந்துவிடும். உணர்வின் பெயரை யாரும் உரக்கச் சொல்வதில்லை.

தாளை மூன்று பத்தியாகப் பிரியுங்கள். முதல்: நசீம் பாக், ஏரிக்கரை, நவம்பர், காலை. கரு: சினார், காம்பு, குழி, மொட்டு, சாக்கு, துடைப்பம், புகை, பெரன், கரி. உரி: காலியாக விடுங்கள்.

காலத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் படம் எடுத்த நாட்கள் நமக்கு ஐப்பசி, கார்த்திகை. பழைய கணக்கில் அது கூதிர்: மழையும் வாடைக் காற்றும். நம்மூரில் வடகிழக்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருக்கும்போதுதான் அங்கே சினார் சிவக்கிறது. நம் மரங்கள் இலை கொட்டுவது பெரும்பாலும் அதற்குப் பின், மழை ஓய்ந்து வறட்சி தொடங்கும்போது. தெருவோர வாதுமை மரம் சிவந்து கொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே குளிருக்குப் பயந்து, இங்கே வறட்சிக்குப் பயந்து. ஐப்பசி மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அந்தக் காய்ந்த இலைகளைப் பார்ப்பவர்தான் நீங்கள் என்றால், அது உங்கள் கவிதைக்கு ஒரு நேர்மையான நிற்குமிடம். காஷ்மீரியாக வேடம் போட வேண்டியதில்லை. ‘எங்கள் சினார்’ என்று எழுதினால் உடனே பொய் தட்டும். ‘நான் ஒரு சினார் இலை பேசுகிறேன்’ என்பது பள்ளிக்கூடக் கட்டுரைக்குப் போய்விடும். அந்தப் பக்கமே வேண்டாம்.

படத்தில் இல்லாதவை

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். புகைப்படத்தில் ஓசை இல்லை, வாசனை இல்லை, குளிர் இல்லை. காய்ந்த இலையைத் துடைப்பம் இழுக்கும் சரசரப்பும் புகையின் காரமும் கவிதைக்கு உங்கள் பக்கமிருந்து வர வேண்டும். இதற்கு முன்னும் பின்னும் இல்லை: அந்தச் சாக்கு எங்கே போகும்? படம் எடுத்தவர் இல்லை: அவர் நின்றுகொண்டிருக்கிறார், அவள் குனிந்திருக்கிறாள்.

ஷட்டர் நேரம் ஒரு நல்ல துப்பு. வினாடியில் ஐநூறில் ஒரு பங்கு என்றால் விழும் இலை காற்றில் கூர்மையாக நின்றுபோகும். முப்பதில் ஒரு பங்கு என்றால் இழுபட்டுக் கலங்கும். நம் படத்தில் இலை கலங்கல், அவள் கூர்மை. அதாவது, அந்தக் கணத்தில் அவள் அசையவில்லை. கூட்டுவதை நிறுத்தியிருக்கிறாளா? இடுப்பு வலியா, கேமராவைக் கவனித்துவிட்டாளா? தெரியாது. ஆனால் கேள்வி நல்ல கேள்வி.

உரசும் இரண்டு பொருட்கள்

இப்போது தாளில் நிறையச் சேர்ந்திருக்கும். அதில் ஒன்றோடொன்று உரசும் இரண்டைத் தேட வேண்டும். ஒத்துப்போகிற ஜோடி வேண்டாம்; ஒத்துப்போனால் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. இலையும் நெருப்பும் ஒத்த ஜோடி, நிறத்தால். நிழலும் சூடும் உரசும் ஜோடி.

ஜோடி கிடைத்ததும் நேராகக் கவிதை வரிக்குப் போகாதீர்கள். சாதாரண வாக்கியங்களாக, யாருக்கோ விளக்குகிற மாதிரி எழுதுங்கள். எனக்கு வந்தவை:

அவள் இலையைக் கூட்டுகிறாள். கூட்டியதை எரிப்பாள். எரித்ததைக் கரியாக்கி வைப்பாள். கரி ஜனவரிக்கு. ஜூலையில் வெயில் தாங்காமல் இதே மரத்தடியில் உட்கார்ந்திருப்பாள். அந்த நிழலைக் கொடுத்ததும் இதே இலைகள். அப்படியானால் ஜனவரியில் அவள் வயிற்றருகே சுடப்போவது ஜூலையின் நிழல்.

கடைசி வாக்கியம் வந்ததும் எழுத்து தானே நின்றது. நிழல் சுடுகிறது. இதைத்தான் படம் சொல்லிக்கொண்டிருந்தது. காலியாக விட்ட உரிப்பொருளுக்கு இப்போது ஏதோ வந்திருக்கிறது. அதற்குப் பெயர் வைக்க வேண்டாம்.

முதல் வரைவும் வெட்டலும்

இந்த எண்ணம் கிடைத்த யாரும் முதலில் எழுதக்கூடிய வடிவம் இப்படி இருக்கும்:

நசீம் பாக் தோட்டத்தில்
நெருப்பாய்ச் சிவந்த சினார் இலைகளை
முதியவள் ஒருத்தி மெல்லக் கூட்டுகிறாள்
கோடையில் நிழல் தந்த இலைகள்
குளிரில் கரியாகிக்
காங்கிரியில் கனல்கின்றன
தன்னையே தந்துவிடும் மரம்
தாயைப் போல.

மோசமில்லை, ஆனால் வெட்ட நிறைய இருக்கிறது. ‘நெருப்பாய்ச் சிவந்த’: உண்மையான நெருப்பு பின்னால் வரப்போகிறது, இங்கே அதை உவமையாகச் செலவழித்துவிட்டால் அங்கே கையில் ஒன்றும் இருக்காது. ‘முதியவள்’: முகமே தெரியாத படத்தில் வயது எங்கிருந்து வந்தது? இலையுதிர்காலம் என்றதும் முதுமை என்று கைவசச் சரக்கு உள்ளே நுழைந்த இடம் இது. ‘மெல்ல’: குளிர்காலத்துக்குக் கரி சேர்ப்பவள் மெல்லக் கூட்ட மாட்டாள்.

‘தன்னையே தந்துவிடும் மரம், தாயைப் போல’: இதுதான் பெரிய குற்றம். முதலில், பொய். மரம் இலையிலிருந்த பயனுள்ள சத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, வேண்டாததைத்தான் விட்டது. தியாகம் எதுவும் நடக்கவில்லை. இரண்டாவது, அதற்கு முந்தைய வரியோடு கவிதை முடிந்துவிட்டது. இது வாசகருக்கு எழுதிய கோனார் உரை. மூன்றாவது, நிழலைக் கவிதையின் நடுவில் சொல்லிவிட்டதால் உரசல் நடக்கவே இல்லை. நிழல் கடைசியில் வர வேண்டும்.

ஊர்ப்பெயரையும் மாதத்தையும் தலைப்புக்கு ஏற்றிவிடலாம். முதற்பொருள் அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். குழியையும் மொட்டையும் சேர்க்கும் ஆசையோடு அடுத்த வரைவு:

கூட்டிக் குவிக்கிறாள்.
ஒவ்வொரு காம்பின் அடியிலும்
மொட்டைப் பொத்தி வைத்திருந்த
சின்னக் குழி.
தீ வைத்து, நீர் தெளித்து
கரியை மூட்டை கட்டுகிறாள்.
தை மாதம் அவள் பெரனுக்குள்
வயிற்றை ஒட்டிக் கனலும்
இந்த மரத்தின் நிழல்.

இப்போது இரண்டு கவிதைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்கின்றன. குழி அடுத்த ஆண்டைப் பற்றியது. கரி இந்தக் குளிர்காலத்தைப் பற்றியது. எவ்வளவு பிடித்திருந்தாலும் ஒன்று வெளியே போக வேண்டும். ‘தை மாதம்’ என்பதும் உறுத்துகிறது. தை என்றதும் தமிழ் வாசகருக்குப் பொங்கலும் அறுவடையும் வந்துவிடும். அவள் காலத்தை அவள் ஏரியால் சொல்வது மேல். ‘பெரன்’ என்ற சொல் தெரியாதவர் அந்த இடத்தில் தடுக்குவார். தடுக்கக் கூடாத இடம் அது. ‘அங்கி’ போதும். முடிவில் இப்படி நிற்கிறது:

நசீம் பாக், நவம்பர்

கூட்டிக் குவிக்கிறாள்.
தீ வைத்து
நீர் தெளித்து
கரியை மூட்டை கட்டுகிறாள்.

ஏரி உறையும் நாட்களில்
அவள் அங்கிக்குள்
வயிற்றை ஒட்டிக்
கனன்றுகொண்டிருக்கும்

சென்ற கோடையில்
இந்த மரம் விரித்த நிழல்.

‘சிவப்பு’ என்ற சொல்லே இதில் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? ‘இலை’ என்ற சொல்லும் இல்லை. படத்தில் கண்ணை முதலில் இழுத்தவை அவைதான். இரண்டையும் சொல்லாமலே கடக்க முடிந்தால் படத்தை வென்றுவிட்டோம் என்று நான் கணக்கு வைத்துக்கொள்கிறேன். விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வெளியே போன மொட்டு வீணாகாது. அதே படத்திலிருந்து இன்னொன்று:

இலை இருந்த இடத்தில்
மொட்டு.
கோடை முழுவதும்
காம்புக்குள் இருந்திருக்கிறது.

இதில் பெண் இல்லை, புகை இல்லை. ஹைக்கூ பக்கம் சாய்கிறது. ஜப்பானிய மரபில் ஹைக்கூவுக்குப் பருவத்தைக் காட்டும் சொல் ஒன்று வேண்டும். இங்கே ‘கோடை’ இருக்கிறது, ஆனால் நிகழ்வது கோடை போன பிறகு. அந்த முரண் எனக்குப் பிடித்திருக்கிறது.

வடிவத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். வெண்பா வசப்பட்டவர் வெண்பாவில் எழுதலாம். தளைக்காக ஒரு பெயரடையை உள்ளே விட நேர்ந்தால் மட்டும், அந்தச் சீரை மாற்றுங்கள், படத்தை மாற்றாதீர்கள். புதுக்கவிதையில் வரியை எங்கே உடைப்பது என்பதற்கு ஒரே ஒரு யோசனை: எழுவாயை எவ்வளவு நேரம் தள்ளிப்போடலாம் என்று பாருங்கள். மேலே ‘கனன்றுகொண்டிருக்கும்’ என்று படித்ததும் எது என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா? பதில் ஒரு வெற்று வரிக்கு அப்பால் இருக்கிறது. எழுவாயைக் கடைசியில் வைக்கத் தமிழ் இடம் கொடுக்கிறது. பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

மாற்றிவைத்துச் சோதியுங்கள்

எழுதி முடித்ததும், அதே கவிதையின் கீழே வேறொரு இலையுதிர்காலப் படத்தை வைத்துப் பாருங்கள். கியோட்டோவின் மேப்பிள் தோட்டம், கனடாவின் காடு, எது வேண்டுமானாலும். கவிதை அங்கேயும் சிரமமில்லாமல் பொருந்தினால் அது இன்னும் உங்கள் படத்தின் கவிதை ஆகவில்லை. படத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் படிக்குத் திரும்பிப் போங்கள், பெரும்பாலும் தகவல் பற்றாக்குறைதான் காரணம். மேலே உள்ள முதல் கவிதையைக் கியோட்டோவுக்குக் கொண்டுபோக முடியாது. அங்கே யாரும் அங்கிக்குள் கரி வைத்துக்கொண்டு நடப்பதில்லை.

அப்புறம் படமே இல்லாமல், படம் பார்க்காத ஒருவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அவர் ‘கரி எதற்கு?’ என்று கேட்டால் கவிதைக்குள் ஒரு சொல் குறைகிறது என்று பொருள். ‘எதைக் கூட்டுகிறாள்?’ என்று கேட்டால், கடைசி வரியிலிருந்து அவருக்கு அது திரும்பிக் கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைக்காவிட்டால் ‘இலை’யை ஓரிடத்தில் உள்ளே விடத்தான் வேண்டும். என் கணக்கு வாசகருக்குப் புரிவதைவிட முக்கியமில்லை.

வெளியிடும்போது

படத்தோடு சேர்த்து இணையத்தில் போடுவதாக இருந்தால் படம் எடுத்தவரின் அனுமதி வேண்டும். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கும் படம் என்றால் அந்த உரிமம் என்ன கேட்கிறது என்று படித்துவிட்டுப் போடுங்கள். பெரும்பாலானவை எடுத்தவர் பெயரையும் உரிமத்தின் பெயரையும் குறிப்பிடச் சொல்லும். சில உரிமங்கள் படத்தில் மாற்றம் செய்ய இடம் கொடுக்காது. அப்படிப்பட்ட படத்தின் மேலேயே கவிதையை அச்சடித்து ஒட்டாதீர்கள், கீழே தனியாகப் போடுங்கள். உரிமம் இடம் கொடுத்தாலும் கீழே போடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. எழுத்து ஏறினால் அந்த மூலைகள் மறைந்துவிடும்.

அனுமதி கிடைக்கவில்லையா? கவிதையை மட்டும் வெளியிடுங்கள். தலைப்பில் இடமும் மாதமும் இருக்கின்றன, அது போதும்.